பின் சீட்டில் அடித்த காத்து

வெளிநாடு போய் வந்தவர்கள் எல்லாரும் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் ராயபுரம் போய் வந்திருக்கிறேன். கோயமுத்தூர் கணபதியில், பம்ப் கம்பெனி ஸ்டோரில் இருபத்தெட்டு வருஷமாக நட்டு போல்ட்டு எண்ணுகிற ஆளுக்கு அதுவும் வெளிநாடுதான். பாஸ்போர்ட் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மற்றபடி பாஷை வேறு, சாப்பாடு வேறு, தண்ணி வேறு, காத்து வேறு. நான் போனதே காத்து விஷயமாகத்தான்.

என்னிடம் தூரப் பயணம் போகிற நானூறு சிசி வண்டி ஒன்று இருக்கிறது. அஞ்சு வருஷமாக, லீவு கிடைத்தால் நானும் என் மனைவி கோகிலாவும் கிளம்பிவிடுவோம். வால்பாறை, கொல்லிமலை, மூணாறு, ஒரு தரம் ஹம்பி. வண்டி வாங்கின முதல் மாசமே நெஞ்சில் காத்து அடிக்கிறது என்று உயரமான வைசர் மாட்டினேன். வைசர் என்றால் ஹேண்டில்பாருக்கு முன்னால் நிற்கிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தடுப்பு. அதற்கப்புறம் எனக்கு ஒரு குறையும் இல்லை. நூறில் போனாலும் சட்டைக் காலர் ஆடாது.

போன பொங்கல் முடிந்து கோகிலா தன் ஹெல்மெட்டைத் துடைத்து அலமாரிக்கு மேல் ஏற்றி வைத்தாள்.

"இனிமே நான் வண்டியில வர்லீங்க. பின்னாடி அடிக்கிற காத்துல தலை நிக்க மாட்டீங்குது. கழுத்தும் போச்சு, காதும் போச்சு. நீங்க வண்டியில போங்க, நான் ரயில்ல வந்துக்கறேன்."

"எனக்குக் காத்தே அடிக்கறதில்லையே?" என்றேன். நான் இதுவரை பேசினதில் இதைவிட முட்டாள்தனமான பேச்சு வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

அந்த மாசம் தனியாக ஈரோடு வரைக்கும் ஒரு ஓட்டம் போகலாம் என்று கிளம்பினேன். டீ குடிக்க நிறுத்தினால் எதிரில் யாரும் இல்லை. டீ நல்லா இல்லை என்று சொல்லக்கூட ஆள் இல்லை. பெருந்துறையிலேயே திரும்பிவிட்டேன். வீட்டில், வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது, அதனால் வந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். கோகிலா நம்பின மாதிரி இருந்தாள்.

ராயபுரத்தில் சேவியர் என்று ஒரு நண்பர். ஹம்பியில் வண்டி நிறுத்துகிற இடத்தில் பழக்கம். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார். போனில் சங்கதியைச் சொன்னேன்.

"இதுக்குப் போயி ஏன் மாமு பேஜார் ஆகிக்கினு கீற? நம்ம ஏரியாவுல லில்லின்னு ஒரு அக்கா கீது. போட்டுக்கு ஃபைபர் ஒட்டுற வேலை. வண்டிக்கும் பண்ணுது. எம்மாங் காத்து வந்தாலும் திருப்பி வுட்ரும். தங்கச்சிய இட்டுகினு வா."

கோகிலாவிடம் சொன்னேன். அவள் ஒரு ஒப்பந்தம் போட்டாள். மெட்ராஸுக்கு ரயிலில் வருவாள். காத்து நின்றால் என்னோடு வண்டியில் திரும்புவாள். நிற்காவிட்டால் ரயிலில் திரும்புவாள், அதற்கப்புறம் எப்பவுமே ரயில்தான். "அப்புறம் அந்த வண்டிய வித்துப்போடுங்க" என்றாள். வண்டியை விற்பது எனக்குப் பெரிய விஷயமில்லை என்று எழுத ஆசைதான். பெரிய விஷயம்தான். ஆனால் அதைவிட, பெருந்துறையில் தனியாக டீ குடித்த மாதிரி மிச்ச வருஷங்களைக் குடித்து முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

முதல் நாள். நான் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது ரயிலில் வந்தவள் குளித்து, சாப்பிட்டு, சேவியரின் மனைவியோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சர்ச்சுக்குப் பின்னால் மாடி வீடு. எனக்கு முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. எங்கள் ஊரில் இந்த நேரத்துக்குச் சுவெட்டர் தேடுவார்கள் என்று சொன்னேன். யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

நட்புக்கு அடையாளமாக அஞ்சு லிட்டர் சிறுவாணித் தண்ணி கொண்டுபோயிருந்தேன். உலகத்திலேயே ருசியான தண்ணி என்று நாங்கள் பேசிக்கொள்கிற தண்ணி. சேவியர் ஒரு டம்ளர் குடித்தார். டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சப்புனு கீது மாமு," என்றார்.

மத்தியானம் சாதத்துக்கு ஒரு தொக்கு போட்டார்கள். என்னவென்று கேட்டேன். "கடம்பா" என்றார் சேவியரின் மனைவி. ஏதோ கடற்கரைப் பக்கத்துக் காய்கறி என்று நினைத்து மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் அது பத்துக் கால் இருக்கிற கடல் ஜீவன் என்று தெரிந்தது. கோகிலாவுக்கு முதலிலேயே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "நல்லாச் சாப்பிட்டுட்டு இருந்தீங்க, எதுக்குக் கெடுக்கறது?" என்றாள்.

சாயங்காலம் தெருவில் ரெண்டு பெண்கள் பயங்கரமாகச் சண்டை போட்டார்கள். நான் ஜன்னலுக்கு ஓடினேன்.

"இன்னாமே, நீ செத்துட்டன்னு பாத்தா குத்துக்கல்லாட்டம் நிக்கற!" என்றது ஒரு குரல்.

சேவியர் அவசரப்படாமல் எனக்கு மொழிபெயர்த்தார். உடம்பு சரியில்லையென்று கேள்விப்பட்டேன், இப்போது தேவலையா என்று விசாரிக்கிறார்களாம். எங்கள் ஊரில் அதே கேள்வியை மூன்று 'ங்க' போட்டுக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் போய்விடுவோம். இங்கே முக்கால் மணி நேரம் நின்று விசாரித்தார்கள்.

ரெண்டாம் நாள் காலை சேவியருக்கு டியூட்டி. "டோல்கேட்ல போயி லில்லின்னு கேளு, யாருனாலும் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வண்டியில் போனேன். கோகிலா ஷேர் ஆட்டோவில் வந்தாள். அந்த ரெண்டு மைல் தூரத்துக்குக்கூட என் பின்னால் ஏறவில்லை.

டோல்கேட் என்பது அங்கே ஒரு பஸ் ஸ்டாப்பின் பேர். அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஆம்பளையிடம், ஒரு பொம்பளையின் பேரைச் சொல்லி "லில்லி எங்கே இருக்காங்க?" என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. வளர்ந்த விதம் அப்படி. அதனால் பேரை விட்டுவிட்டு வேலையைச் சொல்லிக் கேட்டேன்.

டீக்கடையில் நின்றவரிடம், "அண்ணா, வண்டியில காத்துப் பிரச்சினைங்க. இங்க பாக்கறவங்க இருக்காங்களாமுங்க" என்றேன். அவர் பக்கத்துப் பஞ்சர் கடைக்குக் கை காட்டினார். பஞ்சர் கடைக்காரர் நல்ல மனுஷன். நான் வாய் திறப்பதற்குள் ரெண்டு டயரிலும் காத்து பிடித்துவிட்டார்.

"இது இல்லீங்க. பின்னாடிதானுங்க காத்து" என்றேன். பின் டயருக்கு இன்னும் கொஞ்சம் பிடித்தார். தட்டிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது.

"டயருக்கு இல்லீங்க. பின்னாடி உக்கார்றவங்களுக்குங்க. இவங்களுக்கு," என்று கோகிலாவைக் காட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தி, எதிரே மருந்துக் கடை இருக்கிறது, வாயுவுக்கு நல்ல மாத்திரை தருவார்கள் என்றார்.

"வயித்துல இல்லீங்க! தலைக்குங்க. காத்து தலையில ஏறுது, தலை நிக்காம ஆடுதுங்க."

நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா நாரைக் கீழே வைத்தார்.

"எப்பலேர்ந்து புட்ச்சிகினு கீது?" என்றார்.

"அஞ்சு வருசமாங்க."

"வெள்ளி செவ்வாயில ஜாஸ்தியா?"

"அப்படி இல்லீங்க. எம்பதுக்கு மேல போனா ஜாஸ்திங்க."

அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் இந்த ஆளிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்கிற மாதிரி எழுந்து, கோகிலாவைக் கிழக்கே பார்த்து நிற்கவைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றி மூன்று தரம் எடுத்து, நெற்றியில் துன்னூறு பூசினார். பஞ்சர் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார். ரெண்டு ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். கோகிலா சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கண்ணை மூடி நின்றாள்.

எல்லாம் முடிந்ததும், "எனக்கு என்னாச்சுன்னு இத்தனை பேரு கேட்டது இந்த அஞ்சு வருசத்துல இன்னைக்குத்தான்," என்றாள். பிறகு பூக்கார அம்மாவிடம் திரும்பி, "ஏனுங்கக்கா, ஃபைபர் வேலை செய்யற லில்லிங்கறவங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

"லில்லியா? விம்கோ நகராண்ட, குப்பத்துல. அத்த மொதல்லயே கேக்கறதுக்கு இன்னா?"

அங்கிருந்து கோகிலா மெட்ரோவில் போனாள். எங்கள் ஊரில் மெட்ரோ வரப்போகிறது என்று பேச்சு வந்து ரொம்ப நாளாச்சு. பேச்சு இன்னும் நடக்கிறது. நான் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் கல் டயரோடு போனேன். ரோட்டில் இருந்த ஒவ்வொரு ஜல்லியையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டேன். நான் போய்ச் சேரும்போது கோகிலா ரெண்டாவது டீயில் இருந்தாள்.

லில்லிக்கு நாற்பது வயசு இருக்கும். நைட்டிக்கு மேல் ஆம்பளைச் சட்டை. கை ரெண்டிலும் காய்ந்த ரெசின் பசை தோல் தோலாக உரிந்துகொண்டிருந்தது. கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் வயிற்றில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் மணலி பக்கம் சடையங்குப்பத்தில் தண்ணி ஏறினால் ஆட்களைக் கூட்டிவர இந்தப் படகுகள்தான் போகுமாம். புருஷன் கடலுக்குப் போகிறவர். ஷெட் முழுக்க மூக்கில் ஏறுகிற ரெசின் வாடை. நான் வணக்கம் சொன்னேன். அவர் கோகிலாவிடம் பேச்சைத் தொடர்ந்தார்.

"எங்கக்கா அடிக்குது? நெத்தியிலயா, காதுலயா?"

"ரெண்டு காதுலயும். ஒரே சமயத்துல இல்ல, மாத்தி மாத்தி. அறைஞ்ச மாதிரி. ஹெல்மெட் மேல தூக்குது, அப்புறம் பின்னாடி இழுக்குது. எறங்கி ரெண்டு மணி நேரம் கழிச்சும் காதுல சத்தம் நிக்காது."

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்கலாம்.

லில்லி வைசரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"இது யாருக்கு மாட்டுன நைனா?"

"எனக்குங்க."

"தெரியுது. பின் சீட்டுல என்னிக்குனா குந்திகிறியா?"

"இல்லீங்க. நான்தானுங்களே ஓட்டறவன்?"

"சரி. இப்ப குந்து."

கோயமுத்தூரில் இது நடந்திருந்தால் நான் வேறு ஊருக்குக் குடி போயிருப்பேன். என் வண்டியை ஒரு பொம்பளை ஓட்ட, நான் பின்னால். எங்கே பிடித்துக்கொள்வது என்று கேட்டேன். "பின்னாடி கம்பியப் புடி. மேல கை பட்டுச்சு, கடல்ல தள்ளிடுவேன்" என்றார். கோகிலா இன்னொரு டீ வாங்கிக்கொண்டாள். லில்லி வலை நூலைச் சாண் சாணாக வெட்டி வைசரின் விளிம்பிலும் என் ஹெல்மெட்டின் ரெண்டு பக்கமும் டேப்பால் ஒட்டினார். நூல் படுத்திருந்தால் காத்து ஒழுங்காகப் போகிறது, ஆடினால் அடிக்கிறது என்று அர்த்தமாம்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. வலது பக்கம் கடல், இடது பக்கம் கம்பெனிச் சுவர். நாற்பதில் ஒன்றுமில்லை. அறுபதில் நூல் கன்னத்தில் அடிக்க ஆரம்பித்தது. எழுபதில் ஹெல்மெட் தானாக இடது பக்கம் பார்த்தது, பிறகு வலது பக்கம் பார்த்தது. நான் பார்க்கவில்லை, ஹெல்மெட் பார்த்தது. எண்பதில் யாரோ என் ரெண்டு காதையும் மாற்றி மாற்றி அறைந்தார்கள். கண்ணில் தண்ணி வந்தது. முன்னால் பார்த்தால் வைசரில் ஒட்டின நூலெல்லாம் சாதுவாகப் படுத்திருந்தது. லில்லியின் சட்டைக் காலர்கூட ஆடவில்லை.

கம்பி, கடல் எல்லாம் மறந்துபோய் என் கை லில்லியின் தோளில் ரெண்டு தட்டுத் தட்டியது. தாயே, போதும் என்று அர்த்தம்.

லில்லி வேகத்தைக் கூட்டினார்.

இன்னும் ரெண்டு தட்டினேன். இன்னும் கூட்டினார். எண்ணூர் வரைக்கும் நான் தட்டத் தட்ட வண்டி பறந்தது. முருகா, குழந்தை குட்டியெல்லாம் காப்பாத்து என்று வேண்டிக்கொண்டேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

எண்ணூரில் நிறுத்தினதும் குதித்து இறங்கினேன். "நிறுத்தச் சொல்லித்தானுங்களே தட்டினேன்!" என்றேன்.

"இன்னா நைனா, ரெண்டு தட்டுனா 'ரைட், போ'ன்னு தான அர்த்தம்? கண்டக்டரு ரெண்டு விசில் அடிச்சா டிரைவர் இன்னா, நிறுத்திடுவானா? லாரியில கிளீனர் கதவ ரெண்டு தட்டு தட்டுனா போலாம்னு அர்த்தம். நிறுத்தணும்னா ஒரு தட்டு."

அவர் சொன்னது சரிதான். முன்னால் உட்கார்ந்து ஓட்டும்போது நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் கை தானாக என் தோளுக்குப் போனது. கோகிலாவுக்கு வண்டியில் வரும்போது என் தோளில் ரெண்டு தட்டுத் தட்டுகிற பழக்கம் உண்டு. முதல் பயணத்திலிருந்தே உண்டு. மலையேறும்போது அதிகமாகத் தட்டுவாள். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் தட்டிக்கொண்டே வந்தாள். வீட்டுக்காரன் பிரமாதமாக ஓட்டுகிறான், 'ரைட், போ' என்று சொல்கிறாள் என எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் நான் இன்னும் கொஞ்சம் முறுக்கியிருக்கிறேன்.

"காத்து வைசர்ல ஏறி, ஒன் மண்டைய தாண்டிகினு, நேரா அக்கா மேல வுழுது," என்று லில்லி கையால் வளைத்துக் காட்டினார். "நீ தப்பிச்சிகின. அவங்க மாட்டிகினாங்க." எனக்கு அது பாதிதான் காதில் விழுந்தது.

சாயங்காலம் சேவியர் எங்களை அத்தோ கடைக்கு அனுப்பினார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. ஆரஞ்சு நிற நூடுல்ஸில் வெங்காயம், முட்டைக்கோஸ், பூண்டு, புளித்தண்ணி எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருகிறார்கள். எங்கள் ஊர் ரோட்டுக் கடைக் காளானுக்கு மிஞ்சி ஒன்று உண்டா என்று இருந்தவன் நான். உண்டு. ஆனால் அன்றைக்கு எனக்கு இறங்கவில்லை.

"கோகிலா, வண்டியில வர்றப்ப என்ற தோள்ல ரெண்டு தட்டுத் தட்டுவியே, அது எதுக்கு?"

"போதும் போதும்னுதான். மெதுவாப் போங்கன்னு. ஏன்?"

"நான் அதை 'ரைட் ரைட்'னு நெனச்சேன்."

அவள் தட்டைக் கடைப் பலகையில் வைத்தாள்.

"வால்பாறையிலயா?"

"ம்."

"கொல்லிமலையிலயா? அந்த எழுபது வளைவுலயுமா?"

"ம்."

அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"நான் சொல்றது உங்களுக்குப் புரியுது, புரிஞ்சும் வேணும்னே முறுக்கறீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "சரி, வண்டின்னு வந்தா இந்த மனுசன் இப்படித்தான், சொன்னாக் கேக்க மாட்டாருன்னு விட்டுட்டேன். அஞ்சு வருசமா அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. காத்து அடித்ததைவிட, புருஷன் வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு அத்தனை தடவை ஹெல்மெட்டை எடுத்து மாட்டியிருக்கிறாளே, அதுதான் என்னைக் குத்தியது. மன்னிச்சுக்கோ என்றேன். அவள் தட்டை எடுத்து அத்தோவை முழுசாகச் சாப்பிட்டாள். என்னுடையதையும் சாப்பிட்டாள். அதற்கப்புறம் பேசவில்லை.

மூன்றாம் நாள் முழுக்க லில்லியின் ஷெட்டில். கோகிலா என்னிடம் பேசினது மொத்தம் மூன்று வாக்கியம். உப்புத்தாள் குடுங்க, நகருங்க, அதை மிதிக்காதீங்க.

லில்லி கோகிலாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து, என்னை முன்னால் உட்காரச் சொல்லி, படகுக்கு அளவெடுக்கிற குச்சியால் எங்கள் ரெண்டு பேர் தலையையும் அளந்தார். பிறகு வைசரைக் கழற்றி, மேலே நாலு விரல் அகலம் ஆக்ஸா பிளேடால் அறுத்துப் போட்டார். என் கண் முன்னாலேயே. தேய்த்து மழமழப்பாக்குகிற வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. மறுபடி மாட்டும்போது அடியில் ரெண்டு விரல் இடைவெளி விட்டார்.

"ஏனுங்கம்மா, கீழே சந்து விட்டா காத்து உள்ள வராதுங்களா?"

"வரட்டும். கீழ கொஞ்சம் வந்தாதான் மேலேர்ந்து வந்து வுழாது. அடியில பூரா அடைச்சா உள்ள காத்தே இல்லாம காலியாப் பூடும், அப்பால மேல போற காத்தப் புடிச்சி உள்ள இழுக்கும். அத்தான் அக்கா மண்டையில அறையுது."

பின் சீட்டு ஃபோமை ரெண்டு விரல் ஆழத்துக்குக் குடைந்து, அவள் தலை என் தலைக்குக் கிட்டத்தட்ட சமமாக வருகிற மாதிரி இறக்கினார். முதுகுக்குச் சாய்மானம் ஃபைபரில் வார்த்து ரெக்ஸின் போர்த்தினார். பெட்ரோல் டாங்கிக்கு ரெண்டு பக்கமும் காத்தை வெளியே தள்ள ரெண்டு சின்ன தகடு. அதற்குச் செவுள் என்று பேர் வைத்திருக்கிறார். மீதமிருந்த படகுச் சாயத்தை அதற்கு அடித்தார். என் வண்டி கறுப்பு. செவுள் மட்டும் நல்ல நீலம். இது கொஞ்சம் ஒட்டாமல் இருக்குதுங்களே என்றேன். கோகிலாவைப் பார்த்து, "அக்கா, ஷோக்கா கீதா?" என்றார் லில்லி. "நல்லா இருக்குது," என்றாள் கோகிலா. விஷயம் முடிந்தது.

மத்தியானம் நெத்திலி மாங்காய்க் குழம்பு. ரெண்டு பெண்களும் படகின் நிழலில் உட்கார்ந்து நேரம் போவது தெரியாமல் பேசினார்கள். எனக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு தடவை. "எங்க வூட்டுக்காரு கடலுக்குப் போனா எனக்கும் இப்டித்தான் அக்கா, சொல்லி ஒண்ணும் ஆவாது, குந்திகினு இருக்க வேண்டியதுதான்" என்றார் லில்லி. கோகிலா அதற்கு என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே போனது.

நாலாம் நாள் காலை ரெசின் காய்ந்திருந்தது. சாமான் எல்லாம் வண்டியில் கட்டியாச்சு. சேவியர் தன் வண்டியோடு வந்து நின்றார், கோகிலா ரயில் என்றால் சென்ட்ரலில் கொண்டுபோய் விட. எண்ணூர் வரை போய்த் திரும்பி வருவது, அதற்குள் அவள் முடிவு சொல்வது என்று பேச்சு.

"காத்து பூரா நிக்காதுக்கா," என்றார் லில்லி. "ஆனா அறையாது. எழுவது வரிக்கும் என் கேரண்டி. அதுக்கு மேல நைனா கேரண்டி." என்னைப் பார்த்தபோது அந்தக் கேரண்டியில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்த மாதிரி தெரியவில்லை.

கோகிலா ஹெல்மெட்டை மாட்டினாள். நான் கைகொடுத்தேன். பிடிக்காமலே ஏறிக்கொண்டாள்.

நாற்பது. ஐம்பது. வைசர் குட்டையானதில் காத்து நேராக என் கழுத்துக்கு வந்தது. அஞ்சு வருஷம் கழித்து என் காலர் படபடவென்று அடித்துக்கொண்டது. பரவாயில்லை, அடிக்கட்டும் என்று இருந்தது. அறுபது. அதற்கு மேல் முறுக்கவில்லை. வண்டியைவிட என் இடது தோளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். தட்டுவாளா, ஒரு தட்டா, ரெண்டு தட்டா. ஒன்றும் வரவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளோ என்று கண்ணாடியில் பார்த்தேன். ஹெல்மெட் ஆடாமல் இருந்தது. முகம் தெரியவில்லை. ராத்திரியும் பேசவில்லை, காலையிலும் பேசவில்லை, ரயில்தான் என்று முடிவு பண்ணிவிட்டாள் என்றே நினைத்தேன். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் கிட்டத்தில் வந்தன. எண்ணூரே வந்துவிட்டது.

"நிறுத்துங்க."

கத்தவில்லை. வீட்டில் அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற அதே குரல். அறுபதில் போகிற வண்டியில் அந்தக் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, மணலில் கால் ஊன்றி நிறுத்தினேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஏதோ விசாரித்துவிட்டுப் போனார். மொழிபெயர்க்க சேவியர் பக்கத்தில் இல்லை.

"என்னாச்சு? காத்தா?"

"இல்ல."

"கழுத்து வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பொறகு எதுக்கு நிறுத்தச் சொன்னே?"

"சும்மாதான். சொன்னா நிக்கறீங்களான்னு பாத்தேன்."

கடலைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சாய்மானத்தில் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டு, "சேவியர் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிப்போடுங்க, சென்ட்ரலுக்குப் போக வேண்டியதில்லைன்னு," என்றாள்.